கையெழுத்துக்கு முந்தைய சொல்: குழந்தைகள் தீவிர சிகிச்சை ஆய்வுப் பயிற்சியில் ஒப்புதல் மொழி

முன்னுரை

வாடிப்பட்டி வட்டாரத்தில் குழந்தையின் நோய் முற்றினால் பெற்றோர் நாடுவது மதுரைப் 'பெரியாஸ்பத்திரி'. அத்தகைய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆய்வு நடைபெறுமாயின், சிறப்புப் பயிற்சி மருத்துவர் பெற்றோரிடம் ஒப்புதல் பெற வேண்டும். அவ்வொப்புதலின் தமிழை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வின் தேவை

கிருமித்தொற்றால் அதிர்ச்சிநிலை அடைந்த குழந்தைக்குச் சிரைவழித் திரவத்தை எவ்வளவு விரைவாக ஏற்றுவது? சென்னைக் குழந்தைகள் நல நிறுவனத்தில் இந்துமதி சந்தானம் உள்ளிட்டோர் 147 குழந்தைகளிடம் இருவேறு முறைகளை ஒப்பிட்டு, 2008இல் முடிவுகளை வெளியிட்டனர்; இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வோ, திரவம் விரைந்து ஏற்றப்பட்டோரில் 48 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டினரும், ஏற்றப்படாதோரில் 7.3 விழுக்காட்டினரும் இறந்ததைக் காட்டியது. செயற்கைச் சுவாச வசதி அரிதான சூழலில் பெறப்பட்ட இம்முடிவை எல்லா மருத்துவமனைக்கும் அப்படியே பொருத்த இயலாது. எனினும், நன்மை தரும் என நம்பப்பட்ட சிகிச்சையும் தீங்காகலாம் என்பதை அது உணர்த்தியது. மருத்துவரின் அறியாமை உண்மையானது. அதனாலேயே ஆய்வு தேவையாகிறது.

சொற்களின் சிக்கல்

அந்த அறியாமையைத் தமிழில் சொல்லும் இடத்தில்தான் இடர்ப்பாடு எழுகிறது. 'சமவாய்ப்பு முறை' என்னும் கலைச்சொல் துல்லியமானது. ஆனால் பெற்றோருக்கு விளங்காது. 'குலுக்கல்' விளங்கும், ஆனால் பிள்ளையின் உயிரைச் சீட்டில் வைப்பதான அச்சத்தைத் தரும். இரண்டுக்கும் முன்னர், "இவற்றில் எது நல்லது என்று எங்களுக்கும் இன்னும் தெரியவில்லை" என்னும் எளிய தொடர் வர வேண்டும். அத்தொடர் இன்றேல் எச்சொல்லும் பயன் தராது.

'கையெழுத்து' என்பதும் ஆராயத்தக்கது. அறுவை சிகிச்சைக்கு முன் கையெழுத்திட்டுப் பழகிய பெற்றோருக்கு அது மறுக்க இயலாத சடங்கு. ஆய்வுக்கு மறுத்தாலும் சிகிச்சை தொடரும் என்பதைக் கையெழுத்து தானாகச் சொல்லாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பெற்றோர் ஒப்புதலோடு 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் உடன்பாட்டையும் கோருகின்றன. இரண்டையும் 'ஒப்புதல்' என்றே வழங்கினால் குழந்தையின் குரல் மறைந்துவிடும். குழந்தையினதை 'இசைவு' எனப் பிரித்து வழங்குவது தகும்.

பயிற்சியின் இடைவெளி

சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு இணையவழி நடத்தும் அடிப்படை ஆய்வுப் படிப்பு, ஆய்வு வினா, வடிவமைப்பு, அறநெறி ஆகியவற்றை ஆங்கிலத்தில் கற்பிக்கிறது. நாடு முழுமைக்குமான அப்படிப்பிடம் வட்டாரத் தமிழை எதிர்பார்ப்பது முறையன்று. அப்பொறுப்பு இங்குள்ள கல்லூரிகளைச் சார்ந்தது. அவசரநிலையில் இதற்கு நேரமில்லை எனலாம். ஆனால் மேற்சுட்டிய ஆப்பிரிக்க ஆய்வில் அவசரநிலையில் வாய்மொழி உடன்பாடு முதலிலும், எழுத்து ஒப்புதல் பின்னரும் பெறப்பட்டன. நேரம் குறையும்போது பேச்சுமொழியின் பொறுப்பு மிகுகிறது.

முடிவுரை

கலைச்சொல்லாக்கத்துடன் தமிழ்த்துறையின் பணி முடிவதில்லை. ஒப்புதல் படிவத்தைக் கிராமத்துப் பெற்றோரிடம் வாசித்துக்காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதை அவர்கள் சொற்களிலேயே திருப்பிச் சொல்லக் கேட்டு, அதற்கேற்பத் திருத்தும் பயிற்சியைத் தமிழாய்வாளரும் மருத்துவரும் இணைந்து உருவாக்க வேண்டும். தாய் திருப்பிச் சொல்ல முடியாத படிவத்தில் பெறும் கையெழுத்தை ஒப்புதல் எனக் கொள்ளல் இயலாது.