கிளையை விட்டுப் பகையைப் பிடித்தல்: ஜாஸ் கார்டுகள் பழகியதைச் சார்ந்து சில குறிப்புகள்

ஃப்யூஷன் என்றால் இரண்டு இசைகள் சந்தித்துக்கொள்வது என்று நம்மிடையே ஒரு சொல்லாடல் நிலைபெற்றுவிட்டது. கிழக்கும் மேற்கும், ராகமும் கார்டும், கடமும் கிதாரும். யார் யாரைச் சந்திக்கிறார்கள், யார் வீட்டுத் திண்ணையில், தண்ணீர் எந்த டம்ளரில் வந்தது என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் இசையில் அரசியலைக் கலக்கிறான் என்பார்கள்.

கேட்கலாம் என்றுதான் நினைக்கிறேன். நினைக்க வைத்தது கோட்பாடு அல்ல, இடதுகை விரல்கள். ஆனைமலையில் தேங்காய் மண்டி ஒன்றில் கணக்கெழுதும் வேலை போக மிஞ்சும் நேரத்தில், மூன்று வருடமாக ஜாஸ் கிதாரின் கார்டுகளைப் பழகி வருகிறேன். வாய்சிங் என்று அதற்குப் பெயர். ஒரு கார்டின் ஸ்வரங்களில் எதை எடுப்பது, எதை விடுவது, எடுத்ததை எந்த வரிசையில் அடுக்குவது என்பது. (கார்டு என்றதும் எங்கள் வீட்டில் ரேஷன் கார்டுதான் ஞாபகம் வரும். அதிலும் யார் பெயரைச் சேர்ப்பது, யார் பெயரை நீக்குவது என்பதுதானே பிரச்சினை.)

கிதார் பழகுகிற எல்லாரும் தொடங்குவது ஸி மேஜர், ஜி மேஜர் என்று தந்திகளை மொத்தமாகத் தடவி அடிக்கிற கார்டுகளில்தான். ஓர் ஆதார ஸ்வரம், அதிலிருந்து மூன்றாவது, ஐந்தாவது. இந்த மூன்றே திரும்பத் திரும்ப வந்து தந்திகளை நிரப்பிவிடும். சர்ச்சுக்கும் காலேஜ் விழாவுக்கும் இது போதும். ஜாஸுக்குள் நுழைந்த அன்றே இந்த நிறைவைக் கைவிடச் சொல்கிறார்கள். ஏழாவது ஸ்வரம் வந்து சேர்கிறது, ஐந்தாவது போகிறது. கொஞ்ச நாளில் ஆதார ஸ்வரமே போகிறது. மிஞ்சுவது மூன்றும் ஏழும், இரண்டே ஸ்வரங்கள். ஒன்பது, பதின்மூன்று என்று வேண்டியதை அதன் மேல் ஏற்றிக்கொள்ளலாம்.

கிதார் வைத்திருக்கும் தோழர்கள் இதைச் செய்து பார்க்கட்டும். நான்காவது தந்தியில் மூன்றாம் ஃப்ரெட் (வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள்), மூன்றாவது தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட். எஃப்பும் ஸியும். டி மைனர் செவன்த் கார்டின் மூன்றும் ஏழும் அவை. இப்போது மூன்றாவது தந்தியில் உள்ள விரலை மட்டும் ஒரு ஃப்ரெட் பின்னால் எடுங்கள். ஜி செவன்த் வந்துவிட்டது. மூன்றாக இருந்த எஃப், இருந்த இடத்திலேயே ஏழாகிவிட்டது. அடுத்து அந்த விரலை அப்படியே வைத்துக்கொண்டு நான்காவது தந்தியில் உள்ள விரலை ஒரு ஃப்ரெட் பின்னால் எடுங்கள். ஸி மேஜர் செவன்த். மூன்று கார்டுகள் மாறியிருக்கின்றன, கை நகர்ந்தது மொத்தமே இரண்டு ஃப்ரெட். இதே மாற்றத்துக்கு அதுவரை என் கை கிதாரின் கழுத்தில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவை இது காதில் விழுந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

இந்தச் சிக்கனம் அழகியல் கொள்கையிலிருந்து பிறந்ததல்ல. கவுண்ட் பேஸியின் குழுவில் 1937இல் சேர்ந்து 1987இல் சாகும்வரை வாசித்த ஃப்ரெடி கிரீன், பேஸும் பியானோவும் டிரம்ஸும் ஊதுகருவிகளும் நிறைந்த கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர். மற்றவர்கள் ஏற்கெனவே சொன்னதை அவர் திருப்பிச் சொல்லவில்லை. மூன்று ஸ்வரம், பல சமயம் அதிலும் ஒன்றுதான் காதுக்கு எட்டும். ஜாங்கோ ரைன்ஹார்ட் ரோமா நாடோடி இனத்தவர். 1928இல் வண்டியில் பிடித்த தீயில் இடதுகையின் இரண்டு விரல்கள் கருகிச் சுருங்கின. அவருடைய கார்டுகளின் வடிவம் அந்தக் காயத்தின் வடிவமும்கூட. வெஸ் மாண்ட்கோமரி பகலில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். ராத்திரி அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் பழகுவதற்காகவே கட்டைவிரலால் மெதுவாக மீட்ட ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். கோயம்புத்தூர் ஆலைகளில் ஷிப்டு பார்த்தவர்களுக்கு இது புரியும். பாடப்புத்தகங்களில் இந்த உடம்புகள் இருப்பதில்லை, வட்டமும் புள்ளியுமாகக் கட்டங்கள் இருக்கும். ஆதாரத்தை விட்டு வாசிக்கும் பியானோ முறைக்குப் பில் எவான்ஸ் பெயரைச் சொல்வார்கள், அவருக்கு முன்பே மைல்ஸ் டேவிஸ் குழுவில் அப்படி வாசித்த ரெட் கார்லண்டின் பெயர் அடிக்குறிப்பில்கூட வராது. கார்லண்ட் கறுப்பர்.

சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் மாதவி யாழைச் சுருதி கூட்டும்போது நரம்புகளுக்கிடையே நான்கு உறவுகளைப் பார்க்கிறாள்: இணை, கிளை, பகை, நட்பு. இவற்றில் பின் மூன்றும் எனக்கு முக்கியம். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றும் ஆறும் பகை என்கிறது பழைய உரை மரபு. ஐரோப்பாவிலும் மூன்றாம் ஸ்வரத்தை இணக்கமானதாக ஏற்க வெகுகாலம் பிடித்தது என்பதால் இதில் ஆச்சரியமில்லை. எனக்கு உறைத்தது பெயரிட்ட விதம். கிளை என்றால் சொந்தம், சுற்றம். கொங்கு நாட்டில் ஒரு மனிதனை விசாரிக்கும்போது ஊருக்கு அடுத்து விசாரிப்பது அதைத்தானே. ஜாஸ் வாத்தியார்கள் முதல் பாடமாகச் சொல்லும் உத்தியை மாதவியின் மொழியில் போட்டுப் பாருங்கள். கிளையை விடு, பகையைப் பிடி. கார்டு மேஜரா மைனரா, அதன் குணம் என்ன என்று முடிவு செய்வது பகைதான். சொந்தக்காரனான ஐந்தாவது ஸ்வரம், தலைவன் சொன்னதற்கு ஆமாம் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும்.

இதைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆதார ஸ்வரமற்ற கார்டு என்பது மையமழிந்த பிரதி, தலைவனை வெளியேற்றிவிட்டு விளிம்பில் உள்ளவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வெளி என்றெல்லாம் பொள்ளாச்சியில் ஒரு சிறு கூட்டத்தில் பேசினேன். கிதாரில் வாசித்தும் காட்டினேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் வால்பாறை எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். சர்ச்சில் பேஸ் கிதார் வாசிக்கிறவன். பொள்ளாச்சியில் படித்ததில் ‘ங்ணா’ ஒட்டிக்கொண்டது. கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

“ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களேங்ணா?”

“சொல்லு கண்ணு.”

“நீங்க ஸி மேஜர் செவன்த்ல ஸியை எடுத்துட்டு வாசிச்சுக் காட்டுனீங்கல்ல? ஈ, ஜி, பி. அது ஈ மைனருங்ணா. அடியில நான் ஸி போட்டாத்தான் அது நீங்க சொல்ற கார்டு. நான் வேற போட்டா வேறயாயிரும். தலைவன் எங்கயும் போகலீங்ணா. நீங்க வாசிக்கலை, அவ்வளவுதான்.”

நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறுகிற கடைசி பஸ்ஸில் அவன் போய்விட்டான். அவன் சொன்னதுதான் சரி. ஆதார ஸ்வரத்தை விட முடிகிறது என்றால் ஒன்று அதை வேறொருவன் வாசித்துக்கொண்டிருக்கிறான், அல்லது எல்லார் காதிலும் அது ஏற்கெனவே குடியிருக்கிறது. அதிகாரம் தன்னை உச்சரித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊர்க்கூட்டத்தில் பெரிய பண்ணையக்காரர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார், பேசுகிறவர்கள் எல்லாரும் அவர் பக்கம் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். அந்த மௌனத்தைப் போய் நான் வெளியேற்றம் என்று வாசித்துவிட்டேன். இன்னொரு தவறும் உண்டு. என் விரல்களுக்குக் கிடைத்த சுதந்திரம், கீழே இருந்து பாரம் சுமக்கும் பேஸ்காரனின் உழைப்பால் கிடைத்தது. அவன் பெயரை நான் சொல்லவில்லை. விடப்பட்டவை எல்லாம் ஒரே காரணத்தால் விடப்படவில்லை. ஒன்று சொல்லாமலே கேட்பதால் விடப்பட்டது, மற்றொன்று சொன்னாலும் கேட்காததால் விடப்பட்டது. மையநீக்கம் பேசிய நாங்கள், நான் உள்பட, இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் இருந்தோம்.

இந்தக் காதோடு மேடை ஃப்யூஷனைத் திரும்பக் கேட்டேன். ராகத்தின் அடியில் கார்டு போடுவதில் ஒரு நிஜமான சிக்கல் இருக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். கார்டில் மூன்றாம் ஸ்வரத்தை வைத்தால் அது ஆணியடித்த மாதிரி நிற்கும், பாடகரின் காந்தாரம் அதன் மேல் மோதும். சிலர் பாடகரை நேராக நிற்கச் சொல்லிவிடுகிறார்கள், தோடி செத்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் கண்ட வழி வேறு. மோதுகிற மூன்றை எடுத்துவிட்டு ஆதாரத்தையும் ஐந்தையும் மட்டும் வைத்துக்கொள்வது. அதாவது தம்புராவையே கிதாரில் வாசிப்பது. ஜாஸ் எதை விடச் சொன்னதோ அது மட்டும் தங்குகிறது, எதைப் பிடிக்கச் சொன்னதோ அது போய்விடுகிறது. தலைவனும் அவன் கிளையும் மேடையில் இருக்கிறார்கள், பகை மட்டும் இல்லை. இதற்குத்தான் ‘இணக்கம்’ என்று அறிவிப்பாளர் பெயர் வைக்கிறார்.

ஜான் மெக்லாஃப்லினின் சக்தி குழுவை இந்தக் கணக்கில் சேர்த்துத் தள்ளிவிட நான் தயாரில்லை. எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். தன் கிதாரின் ஃப்ரெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழியாகச் செதுக்கி, தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் பிடிக்கிற மாதிரி செய்து, குறுக்கே அனுதாபத் தந்திகளும் போட்டுக்கொண்டார். கார்டு கூடாது என்று அறிந்தே விட்ட கை அது. 1976இல் வந்த முதல் இசைத்தட்டில் இன்றைக்கும் சூடு இருக்கிறது. ஜாகிர் உசேனும் விக்கு விநாயக்ராமும் ‘துணை’யாக அல்ல, சண்டையாக வாசிக்கிறார்கள். பின்னால் வந்த குழுக்கள் எடுத்துக்கொண்டது அந்தச் சண்டையை அல்ல, சம்மணமிட்ட புகைப்படத்தை. 2024இல் அந்தக் குழுவுக்குக் கிராமி கிடைத்தபோது பத்திரிகைகள் ஆன்மிகத்தைப் பற்றித்தான் எழுதின. (மானாமதுரைக் குயவர்களைப் பற்றி எழுதியிருக்கலாம்.)

ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பளி ஆலை ஊரான பிராட்ஃபோர்டில் பிறந்தவர், 2017இல் இறந்தார். கார்டு என்பது தனியான பொருள் அல்ல, ஒரு ஸ்வரவரிசைக் குடும்பத்தின் உறுப்பினர்கள் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் படம் என்கிற மாதிரி யோசித்தவர். இதைக் கேட்டதும் நம்மாளுங்க ‘அட, நம்ம ராகம்’ என்பார்கள். இல்லை. அது பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி போட்ட எழுபத்திரண்டு மேளத்தின் அட்டவணைக்குத்தான் சொந்தம். அட்டவணை ராகம் ஆகாது, தோடியின் அசைவு எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை.

சரி, தமிழ்க் காதுக்குள் கார்டு எந்த வழியாக வந்தது? சபாக்கள் வழியாக அல்ல. சர்ச்சும் சினிமாவும்தான் வழி. எங்கள் ஆனைமலைத் தொடர்தான் தெற்கே மூணாறு வரை போகிறது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக அந்தத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகள் முன்னால் பாடியவர் பாவலர் வரதராஜன். பிற்பாடு அவர் குழுவில்தான் தம்பி இளையராஜா ஹார்மோனியத்தோடு ஊர் ஊராகத் திரிந்தார். 1968இல் சென்னை போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்து 1986இல் அவர் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’டைத்தான் அறிவுஜீவிகள் ஃப்யூஷன் என்று ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ அவருடைய துணிச்சல் அங்கே இல்லை, டீக்கடை ரேடியோவில் ஓடிய சினிமாப் பாட்டுகளில் இருக்கிறது. அந்தப் பாட்டுகளில் பேஸ், ஆதார ஸ்வரத்தை இடித்துக்கொண்டு நிற்பதில்லை. தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொண்டு நடக்கிறது, மேலே உள்ள கார்டின் பெயரை நடுவழியில் மாற்றிவிடுகிறது. வால்பாறைத் தம்பி சொன்னது இதைத்தான். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் கிதாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். எத்தனையோ பாட்டுகளின் பேஸ் சசிதரனுடையது. அன்றைய கேசட் உறைகளில் இந்தப் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. அந்த எஸ்டேட் லயங்களில் எத்தனையோ பையன்கள் அந்தக் கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துத்தான் பேஸ் கற்றார்கள், யாரிடம் கற்கிறோம் என்று தெரியாமலே.

இந்த மாதம் பழகிக்கொண்டிருப்பது நான்காம் ஸ்வரங்களால் அடுக்கும் கார்டுகள். அறுபதுகளில் கோல்ட்ரேன் குழுவில் மெக்காய் டைனர் பியானோவில் அப்படி இடித்து வாசித்தார். நட்பின் மேல் நட்பு. இதில் யார் ஆதாரம் என்று காதுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. மைல்ஸ் டேவிஸின் 1959 இசைத்தட்டின் முதல் பாட்டில் வருகிற கார்டு இந்த வகைதான், மூன்று நட்பு, உச்சியில் ஒரு பகை. கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி, பி என்று அதை அடுக்கப் போய், எந்த ஃப்ரெட்டை அழுத்துவது என்று அரைமணி நேரம் தேடினேன். எதையும் அழுத்த வேண்டியதில்லை. கிதாரின் முதல் தந்தியை விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் வெறுமனே தடவினால் அதுதான். சுருதி கூட்டிய கிதாரே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. தந்திக்குத் தந்தி நட்பு, மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே மட்டும் பகை. வால்பாறைத் தம்பிக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். “டியூன் கொஞ்சம் இறங்கியிருக்குதுங்ணா, மூணாவது தந்தி” என்றான்.