நான்கு டிகிரிக்குள் அடைபட்ட காடு

கானுயிர்ப் படம் எடுக்க ஆசைப்பட்டு வருகிறவர் முதலில் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதைத்தான். பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: கையில் இருக்கும் காசுக்கு எவ்வளவு நீளம் வருமோ அவ்வளவு. 150-600, 180-600, 200-600, இப்போது 200-800 என்று கடைக்காரரும் மூத்தவர்களும் ஒரே திசையைக் காட்டுகிறார்கள். இந்த அறிவுரையோடு அண்மைக் காலமாக அறம் சார்ந்த வாதம் ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. லென்ஸ் நீளமாக இருந்தால் தள்ளி நின்றே எடுக்கலாம், விலங்குக்குத் தொந்தரவு இராது, ஆகவே 600 மி.மீ. வாங்குவது பொறுப்பான செயல் என்கிறார்கள். நல்ல மனத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனாலும் இந்த வாதம் தவறு. படங்களையும் அது கெடுத்துவருகிறது என்பது என் நெடுநாளைய எண்ணம்.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கூடு கட்டியிருக்கும் பறவையை நீள லென்ஸ் இல்லாமல் நெருங்கக் கூடாது. கோடியக்கரை உப்பளங்களில் இறங்கும் கரைப்பறவைகளை 200 மி.மீ. கொண்டு எடுத்தால் புள்ளிகள்தான் மிஞ்சும். அங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வளையமிட்ட பறவையின் காலில் உள்ள அடையாளத்தைத் தூரத்திலிருந்து படிக்க முடிவது இந்த லென்ஸ்களின் உண்மையான பயன். சேப்பாக்கத்தில் எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மட்டையாளரை எடுக்கிறவருக்கு 400-உம் 600-உம் வேண்டும். கேமரா உடலைப் பற்றியும் எனக்குப் புகார் இல்லை. விலங்கின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் பெரிய கொடை. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III விநாடிக்கு 120 படம் எடுக்கிறது, பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய ஒரு விநாடி வரைகூடச் சேமித்துத் தருகிறது. அது தேவையா என்று தனியாக வாதிடலாம், இங்கே வேண்டாம்.

எடுத்துக்கொள்ள வேண்டியது தூரம். புலிகள் காப்பகச் சுற்றுலாவுக்காகத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் வகுத்த நெறிமுறைப்படி வண்டிக்கும் விலங்குக்கும் இடையே குறைந்தது 20 மீட்டர் இருக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் அகலம் 36 மி.மீ. அதில் 600 மி.மீ. லென்ஸைப் பொருத்தி 20 மீட்டரில் இருக்கும் ஒன்றைப் பார்த்தால் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் 1.2 மீட்டர். பக்கவாட்டில் நடந்துபோகும் வளர்ந்த புலி அதற்குள் அடங்காது. சிறிய சென்சார் கேமராவில் 1.5 மடங்கு கூடுதல் நீளம் இலவசமாகக் கிடைக்கிறது என்று மகிழ்கிறவருக்கு அடங்குவது 0.8 மீட்டர். அதே 20 மீட்டரில் 200 மி.மீ. லென்ஸ் 3.6 மீட்டரைத் தருகிறது: முழுப் புலியும், அது மிதித்துவரும் புல்லும். 70 மி.மீ. தருவது பத்து மீட்டர்: புலி, மூங்கில் புதர், அது வந்த தடம்.

ஆக, விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த தூரத்திலேயே 600 மி.மீ. தேவைக்கு மீறியது. விலகி நிற்கத்தான் நீளம் என்பது உண்மையானால், 600 வைத்திருப்பவர் ஐம்பது, அறுபது மீட்டரில் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். காப்பகங்களில் நான் பார்த்துவந்தது அதுவல்ல. 200 வைத்திருக்கும்போது முழு விலங்கு கிடைத்தால் போதும் என்றிருந்தவர், 400 வாங்கியதும் முகத்தைக் கேட்கிறார். 600 வந்ததும் கண்ணையும் மீசையையும் கேட்கிறார். ஓட்டுநரிடம் “இன்னும் கொஞ்சம் முன்னால போங்கண்ணா” என்ற குரல் லென்ஸ் நீள நீளக் குறையவில்லை. நீளம் கூடியபோது நிற்கும் தூரம் மாறவில்லை, சட்டத்துக்குள் விலங்கு பெருத்ததுதான் மிச்சம். ஒருவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பது அவர் எந்தப் படத்தை விரும்புகிறார் என்பதைப் பொறுத்தது. சட்டம் நிறைய விலங்கு வேண்டும் என்ற விருப்பம் மாறாதவரை எந்த நீளமும் போதாது.

தொழில்நுட்பக் கணக்கும் இந்தத் தேர்வுக்கு ஆதரவாக இல்லை. சஃபாரிக்கு உகந்த நேரம் காலை வெளிச்சம் பரவும் முன்பும் மாலை மங்கும்போதும்தான். கைக்கு எட்டும் விலையிலுள்ள நீள ஜூம்கள் 600-இல் எஃப் 6.3-க்கு மேல் திறப்பதில்லை. எஃப் 2.8-இல் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சமே உள்ளே வரும். எஃப் 2.8-இல் ஐஎஸ்ஓ 1250 போதும் என்ற இடத்தில் இங்கே 6400 வேண்டும். லென்ஸ் நீளத்தால் வரும் அசைவைத் தடுக்க ஷட்டரையும் வேகமாக்கினால் அதுவும் போதாது. வெயில் ஏறிய பிறகு வேறொரு தொல்லை. தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று அலையலையாக ஆடும்போது தூரத்துப் பூநாரையை 800 மி.மீ. கொண்டு எடுத்தால் லென்ஸ் அந்தக் கானலையும் சேர்த்தே பெரிதாக்கும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கண்ணாடியானாலும் நடுவில் இருக்கும் காற்றைத் திருத்த முடியாது. இதெல்லாம் தெரிந்தவர்கள்கூட வாங்கும் நேரத்தில் நீளத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இவை ஒருபுறம் இருக்கட்டும். என் முதன்மையான மறுப்பு படத்தைப் பற்றியது. 600 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணம் மூலைக்கு மூலை நான்கு டிகிரி. எஃப் 4 திறப்பில் 20 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாணுக்குச் சற்று மேல். அதற்கு முன்னும் பின்னும் இருப்பது எல்லாம் கரைந்து பச்சை, பழுப்பு நிறக் குழம்பாகிவிடுகிறது. இந்தக் கரைவைத்தான் பாராட்டுகிறோம், இதற்காகத்தான் கூடுதல் விலையும் கொடுக்கிறோம். விளைவு? பந்திப்பூர்ப் புலிக்கும் தாடோபா புலிக்கும் ரந்தம்போர் புலிக்கும் வேறுபாடு தெரியாத படங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்துகிடக்கின்றன. தாடோபாவின் மூங்கில் காடும் ரந்தம்போரின் கோட்டை இடிபாடும் அந்த நான்கு டிகிரிக்கு வெளியே நின்றுவிட்டன. தேக்கு இலை உதிர்ந்த கோடையா, மழைக்குப் பிந்தைய பச்சையா என்றும் சொல்ல முடியாது. வளாகத்துக்குள் வளர்க்கப்படும் புலியை எடுத்தாலும் படம் இப்படித்தான் இருக்கும். காட்டுக்குப் போய்வந்தவர் காட்டைக் காட்டாமல் திரும்புகிறார் என்றால் அது சின்னக் குறை அல்ல.

வரையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரவிகுளத்தில் சாலையோரமே மேயும் அந்த ஆடு மனிதர்களுக்குப் பழகியது. சில மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆட்டின் முகத்தை நீள லென்ஸால் நிரப்பி எடுத்த படங்களுக்குக் குறைவே இல்லை. அவற்றில் கொம்பின் வளையங்கள் அழகாகத் தெரிகின்றன, சரிவு தெரிவதில்லை. செங்குத்துப் பாறையில் குளம்பு பதித்து நிற்பதும் கீழே மேகம் ஓடுவதும் அல்லவா அந்த விலங்கின் வாழ்க்கை! பாறையை விலக்கிவிட்டால் அது கொம்புள்ள ஓர் ஆடு மட்டுமே.

நான்கு டிகிரியின் இன்னொரு கேடு, எடுக்கிறவரின் பார்வைக்கே நேர்கிறது. குழாய் வழியாகப் பார்க்கிறவருக்கு ஒரு யானையின் கண் தெரியும்; மூன்றடி தள்ளி நிற்கும் கன்றை அதன் தாய் தும்பிக்கையால் தடுப்பது தெரியாது. எங்கே எதைப் பார்ப்பது என்ற தேர்வைக் கருவி முன்கூட்டியே செய்துவிடுகிறது. ஜூம் இருக்கிறதே, 200-க்குக் குறைக்கலாமே என்பார்கள். குறைக்கலாம்தான். ஆனால் 600-க்காக வாங்கியவர் 600-இல்தான் வைத்திருக்கிறார். அவரது படங்களோடு பதிவான குவியத் தொலைவைப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

நெருங்கினால்தானே வாழிடத்தோடு விலங்கை எடுப்பது சாத்தியம், அது விலங்குக்குக் கேடு என்ற வாதம் இங்கே திரும்ப வரும். அதற்கு என் பதில் சில கலைஞர்களின் வேலை. கானுயிர்ப் புகைப்படக் கலைஞர் மா. கிருஷ்ணன் பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவுக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். பழக்கப்பட்ட யானை மேல் அமர்ந்து காட்டு யானைகளின் அருகே போய், கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கூட்டத்தின் அமைப்பும் நிற்கும் இடமும் அவற்றில் தெரிகின்றன. அவருக்குத் துணைநின்றது விலங்கின் நடத்தை பற்றிய அறிவு: எது எப்போது மிரளும், எந்தப் பக்கக் காற்றில் அணுகலாம் என்ற அறிவு. நிக் பிராண்ட் கிழக்கு ஆப்பிரிக்கச் சமவெளியில் டெலி லென்ஸைத் தவிர்த்து, பென்டாக்ஸ் 67 ஃபிலிம் கேமராவோடு காத்திருந்து எடுத்தார். அவருடைய யானைகளுக்கு மேலே வானம் முழுதாக இருக்கிறது. 2017-இல் நேஷனல் ஜியாகிரஃபிக்கின் இயற்கைப் புகைப்படப் பரிசை வென்ற ஜெயபிரகாஷ் போஜன், போர்னியோவில் ஆற்றைக் கடக்கும் ஒராங்குட்டானை ஆற்றுக்குள் தாமே இறங்கி நின்று எடுத்தார். எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை, செய்யவும் கூடாது. காலமும் காட்டு விதிகளும் மாறிவிட்டன. ஆனால் நல்ல படத்துக்கு முதல் தகுதி நீளம் என்ற நம்பிக்கைக்கு இவர்களின் வேலை போதுமான மறுப்பு.

மனிதரே அருகில் இல்லாமலும் நெருங்க முடியும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ‘ஆண்டின் கானுயிர்ப் புகைப்படக் கலைஞர்’ போட்டியின் முதல் பரிசுகளைப் பாருங்கள். 2020-இல் செர்கே கோர்ஷ்கோவ் எடுத்த சைபீரியப் புலி மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் படம், பல மாதங்கள் காட்டில் விட்டுவைத்த தானியங்கிக் கேமராவில் விழுந்தது. 2021-இலும் 2023-இலும் லோரான் பலெஸ்தா, 2024-இல் ஷேன் கிராஸ்: மூன்றும் நீருக்கடியில் எடுத்தவை. 2022-இல் கரீன் எய்க்னர் தரையோடு தரையாகத் தேனீக்களை எடுத்தார். 2025-இல் விம் வான் டென் ஹீவர் நமீபியாவின் கைவிடப்பட்ட சுரங்க ஊரில் கழுதைப்புலி ஒன்றைத் தானியங்கிக் கேமராவால் எடுத்தார்; பாழடைந்த கட்டடமே அந்தப் படத்தில் பாதிக் கதை. இந்த ஆறில் ஒன்றுகூட நாம் கடன் வாங்கியாவது வாங்க நினைக்கும் நீளத்தால் வந்ததல்ல.

விளையாட்டுப் படம் எடுக்கிறவர்கள் இதை முன்பே உணர்ந்தவர்கள். ஒரு தோளில் 400 எஃப் 2.8 இருந்தால் மறுதோளில் 70-200 தொங்கும், தேவையானால் வலைக்குப் பின்னால் தொலைவிலிருந்து இயக்கும் மூன்றாவது கேமராவும் இருக்கும். நீல் லைஃபர் 1966-இல் ஹூஸ்டனில் முகமது அலியும் கிளீவ்லாந்து வில்லியம்ஸும் மோதிய மேடைக்கு நேர் மேலே கேமராவைத் தொங்கவிட்டு எடுத்த படத்தில் விழுந்தவர், வென்றவர், சுற்றிலும் கூட்டம், மேடையோரத்தில் லைஃபரே கூட இருக்கிறார். 2024 ஒலிம்பிக்கில் தாஹிட்டியின் தியாகுபூ கடலில் அலைச்சறுக்கு வீரர் கேப்ரியல் மெதினா அலையிலிருந்து மேலே எழுந்து நின்றதை ஜெரோம் புரூயே படகிலிருந்து எடுத்தார். அந்தக் கணத்தில் அவர் எடுத்தவை நான்கே படங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தின் உயிர் மெதினாவின் முகத்தில் இல்லை. அவருக்கும் பலகைக்கும் கீழே உள்ள வெற்றுவெளி, பின்னால் மேகம், அடியில் நுரை. முகத்தை நிரப்ப நினைத்திருந்தால் அந்த வெளி வெட்டுப்பட்டிருக்கும். நம் ஊர் ஜல்லிக்கட்டிலோ, கேலரியிலிருந்து 600 மி.மீ.யில் திமிலையும் அதைப் பற்றிய கையையும் மட்டும் வெட்டி எடுக்கும் வழக்கம் பெருகிவருகிறது. வாடிவாசல் எங்கே, காளை எந்தத் திசையில் திரும்பியது, தென்னைநார் பரப்பிய தரையில் இன்னும் எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்பதெல்லாம் போய்விடுகிறது.

புதிதாக வருகிறவருக்கு என் யோசனை: முதலில் 70-200 எஃப் 2.8 பழையதாகக் கிடைத்தால் வாங்குங்கள், இல்லையேல் 100-400. ஒரே இடத்துக்கு எல்லாப் பருவத்திலும் போங்கள். போதாது என்று படும் இடங்கள் உங்களுக்கே தெரியவரும். பறவைகளிடம் நாட்டம் இருந்தால் நிச்சயம் தெரியவரும். அப்போது நீளத்தை வாங்குங்கள்.

ஆனால் வாங்குகிறவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நம் புகைப்படச் சங்கங்களின் போட்டிகள் பின்பற்றும் பன்னாட்டு இயற்கைப் பட வரையறை, மனிதர் செய்த பொருள்கள் படத்தில் இருக்கக் கூடாது என்கிறது. கதைக்கு இன்றியமையாத இடத்தில் விலக்கு உண்டு. நான் பார்த்தவரை அந்த விலக்கை நம்பிப் படம் அனுப்பத் துணிகிறவர்கள் குறைவு. வால்பாறையில் புதுத்தோட்டம் அருகே சாலையைக் கடக்கச் சிங்கவால் குரங்குகளுக்காக மரத்துக்கு மரம் கட்டிய பாலங்கள் இருக்கின்றன. கீழே பேருந்து போக, மேலே தாய் குட்டியோடு பாலத்தில் நடப்பதை 50 மி.மீ. லென்ஸால் எடுக்கலாம். அதை அனுப்பத் தயங்குகிறவர், அதே குரங்கின் பிடரிமயிரை 600-இல் நிரப்பி அனுப்புகிறார், பதக்கமும் பெறுகிறார். சங்கங்கள் அடுத்த அறிவிப்பில் வாழிடத்தோடு விலங்கு என்று ஒரு பிரிவைத் தொடங்கி, அதில் 200 மி.மீ.க்கு மேல் எடுத்தவற்றை ஏற்காமல் இருந்து பார்க்கலாம். குவியத் தொலைவு கோப்பிலேயே பதிவாகியிருப்பதால் சரிபார்ப்பதும் சுலபம்.