ஒன்றுக்கொன்று பிறந்த பாகங்கள்

பழைய ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் எடுப்பது ஆஸ்திரியாவின் மான்லிகர்-ஷோனவர் 1903. லண்டனின் இரட்டைக்குழல் ரைஃபிள்கள் இதைவிடப் பன்மடங்கு விலை உயர்ந்தவை. ஜெர்மனியின் மவுசர் இதைவிட முரட்டு உழைப்பாளி. ஆனால் தோட்டா, மேகசின், போல்ட், குழல், மரம் என்ற ஐந்தும் ஒரே சிந்தனையில் பிறந்து, ஒன்றை மாற்றினால் மற்ற நான்கும் கெடும் அளவுக்கு இணங்கி நிற்பதை இதில்தான் காண்கிறேன். அந்த இணக்கம் இன்னும் குலையாமல் இருக்கிறதா என்பதே இதை வாங்கப்போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி. முத்திரை, வரிசை எண், மரத்தின் பளபளப்பு எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்.

ஃபெர்டினாண்ட் ஃபான் மான்லிகர் 1848-இல் பொஹீமியாவில் பிறந்த ரயில்வே பொறியாளர். 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போய்வந்த பிறகு அவர் மனம் முழுக்க மறுசுடு துப்பாக்கிகளின் பக்கம் திரும்பியது. ஸ்டையர் ஆறும் என்ஸ் ஆறும் கூடுகிற ஸ்டையர் நகரத்தில், யோசெஃப் வெர்ண்டல் 1864-இல் நிறுவிய ஆயுதத் தொழிற்சாலை அவருடைய வடிவங்களைச் செய்து கொடுத்தது. அதே தொழிற்சாலையைச் சேர்ந்த ஓட்டோ ஷோனவர் சுழல் மேகசின் ஒன்றை உருவாக்கியிருந்தார். மான்லிகரின் போல்ட்டும் ஷோனவரின் மேகசினும் சேர்ந்த வேட்டை ரைஃபிள் 1903-இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மான்லிகர் மறைந்தார். ஒரு வாழ்நாள் உழைப்பின் முதிர்ந்த வடிவம் இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மேகசினைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பெரும்பாலான ரைஃபிள்களில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, அடியிலிருந்து ஒரு வில் அவற்றை மேலே தள்ளும். இங்கே வரிப்பள்ளங்கள் வெட்டிய ஓர் உருளை தன் அச்சில் சுழல்கிறது. ஐந்து தோட்டாக்களும் தனித்தனிப் பள்ளத்தில் படுத்திருக்கும். ஒன்று மற்றொன்றின்மேல் உராய்வதில்லை. ஐந்தாவது தோட்டாவும் முதல் தோட்டாவைப் போலவே தடையின்றிக் குழலுக்குள் ஏறும். போல்ட்டைப் பின்னிழுத்து உள்சுவரில் உள்ள சிறிய பொத்தானை அழுத்தினால் மிச்சமுள்ள தோட்டாக்கள் மேலே வந்துவிடும். அடித்தகட்டின் தாழை ஒரு தோட்டாவின் முனையால் அழுத்தித் தகட்டைத் திருப்பினால் மேகசின் முழுதாகக் கையோடு வந்துவிடும். அதைக் கழற்றித் துடைக்க வேட்டைக்காரரிடம் தோட்டா ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

அடுத்தது போல்ட். எஃகு உடலின் பின்பகுதியில் மேல்பக்கம் பிளந்திருக்கும் பின்பாலத்தின் வழியே கைப்பிடி முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்தக் கைப்பிடியும் உருண்டைக் குமிழாக இல்லை. வெண்ணெய்க் கத்திபோல் தட்டையாகி உடலோடு ஒட்டிப் படிந்திருக்கும். தோளில் மாட்டினால் உறுத்தாது. நன்றாகப் பேணிய ஒன்றில் கைப்பிடியை உயர்த்தி, குழலின் முனையான முகவாயைச் சற்று மேலே தூக்கினால் போல்ட் தன் எடையிலேயே பின்னால் இறங்கிவரும். அந்த இழைவைக் கையால் உணர்ந்தவர்கள் வேறு போல்ட்டை இழுக்கும்போதெல்லாம் இதைத்தான் நினைப்பார்கள். விசைகள் பெரும்பாலும் இரண்டு. பின்விசையை அழுத்தினால் ‘டிக்’ என்று பொறி ஏறி நிற்கும். பிறகு முன்விசையைத் தொட்டாலே போதும்.

மரம் முகவாய்வரை நீள்கிறது. நுனியில் சிறிய எஃகுத் தொப்பி. இந்த முழுநீளக் கட்டை கொண்ட குட்டை ரைஃபிளை ஜெர்மன் மொழி பேசும் மலைநாடுகளில் ‘ஷ்டுட்சன்’ என்பார்கள். ஆல்ப்ஸ் சரிவில் ஷமாய் ஆட்டைத் தேடி ஏறுகிறவருக்கு மூன்று கிலோ அளவான எடையும் 45 சென்டிமீட்டர் குழலும் எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை. அடிக்கட்டையின் எஃகுத் தகட்டில் ஒரு சிறு கதவு உண்டு. அதற்குள் துண்டுகளாகக் கழலும் துப்புரவுக் கோலும் உபரித் தோட்டாக்களும் இருக்கும். கோல் இன்றும் உள்ளே இருந்தால், முந்தைய உரிமையாளர்கள் அக்கறையானவர்கள் என்று நம்பலாம்.

இத்தனைக்கும் அடிப்படை 6.5×54 என்ற சிறிய தோட்டா. அதன் குண்டு 160 கிரெய்ன் எடை. தடிமனில் மெலிது, நீளத்தில் அதிகம், மூக்கு உருண்டை. வேகம் குறைவுதான். ஆனால் அந்த நீளமும் எடையும் சேர்ந்து அதை நேர்கோட்டில் ஆழமாகப் போகச் செய்கின்றன. ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ.டி.எம். பெல் யானை வேட்டைக்குப் பயன்படுத்திய சிறுகுழல் ரைஃபிள்களில் இதுவும் ஒன்று. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைக் கற்றவர் அவர். அந்தத் தந்த வேட்டையைக் கொண்டாட எனக்கு மனமில்லை; குண்டின் இயல்புக்குச் சான்றாக மட்டும் சொல்கிறேன். ஹெமிங்வே 1936-இல் வெளியிட்ட ஆப்பிரிக்கக் கதையில் ஃப்ரான்சிஸ் மகோம்பரின் மனைவி கையில் இருப்பதும் 6.5 மான்லிகர்தான்.

மேகசினின் பள்ளங்கள் இந்த நீளமான தோட்டாவுக்கென்றே வெட்டப்பட்டவை. கூர்முனையும் குட்டைக் குண்டும் கொண்ட தோட்டாவை இட்டால் அந்தப் பேர்பெற்ற வழுவழுப்பு காணாமல் போகும். பாகங்கள் ஒன்றுக்கொன்று பிறந்தவை என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி அடையாளம். ஆண்டைப் பார்த்தால் தோட்டா தெரியும்: 1903 என்றால் 6.5×54, 1905 என்றால் 9×56, 1908 என்றால் 8×56, 1910 என்றால் 9.5×57. குழல் பொருந்தும் வளையத்தின்மேல் மான்லிகர்-ஷோனவர் காப்புரிமையும் மாடல் ஆண்டும் பொறித்திருக்கும். ஆண்டு ஒன்று சொல்ல, குழலின் துளை வேறொன்று சொன்னால் யாரோ குழலை மாற்றியிருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் தோட்டா அறைக்குள் எளிதில் உருகும் உலோகக் கலவையை ஊற்றி வார்ப்பு எடுத்து அளந்துவிட வேண்டும்.

பிரிட்டனில் விற்ற ரைஃபிள்களில் வாங்குபவருக்கு ஒரு கண்ணி உண்டு. ‘.256 மான்லிகர்’ என்ற பெயரை அங்கே இரண்டு தோட்டாக்களுக்கும் வைத்தார்கள். ஒன்று இந்த விளிம்பில்லாத 6.5×54, மற்றொன்று அதற்கு முந்தைய, விளிம்புள்ள 6.5×53. பின்னதைச் சுடுவது சுழல் மேகசின் இல்லாத பழைய மான்லிகர். பெயரை நம்பாமல் மேகசினைத் திறந்து உருளை இருக்கிறதா என்று பார்ப்பவர் ஏமாறமாட்டார்.

சோதனை முத்திரைகள் ஒரு துப்பாக்கியின் பயணக் குறிப்பு. ஆஸ்திரியாவில் 1891-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கிகள் அரசுச் சோதனை நிலையத்தில் அதிக அழுத்தத் தோட்டாவால் சுட்டுப் பார்க்கப்பட்டன. புகையில்லா மருந்துக்கான சோதனையை என்.பி. என்ற எழுத்துகள் காட்டும். அதே ரைஃபிள் பிரிட்டனுக்குப் போயிருந்தால் லண்டன் அல்லது பர்மிங்காம் நிலையத்தின் முத்திரையும் ஏறியிருக்கும். கார்டைட் மருந்தின் அளவும் குண்டின் உச்ச எடையும் குழலில் வெட்டப்பட்டிருக்கலாம். ‘நாட் இங்கிலிஷ் மேக்’ என்ற சொற்களும் சிலவற்றில் உண்டு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற பெரிய கடைப் பெயர் குழலில் இருந்தால் அது விற்றவரின் பெயர். ஸ்டையரின் பெயரும் ஆஸ்திரிய முத்திரையும் அதே எஃகில் இருக்கின்றனவா என்று தேடவேண்டும்.

பிறகு வரிசை எண். குழல், வளையம், போல்ட் மூன்றிலும் ஒரே எண் இருக்கவேண்டும். போல்ட்டின் எண் மட்டும் வேறாக இருந்தால் விலை குறைவதோடு முடியாது. தோட்டாவின் பின்புறத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி தவறியிருக்கலாம். துப்பாக்கித் தச்சர் அளந்து சொல்லும்வரை அதைச் சுடக்கூடாது.

மிகவும் கவனமாக இருக்கவேண்டிய இடம் கிரேக்க ரைஃபிள்கள். கிரேக்க ராணுவம் இதே இயந்திரத்தையும் இதே தோட்டாவையும் 1903 மாடலாக ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் அவற்றில் பலவற்றின் நீளக் குழலை வெட்டிக் குறுக்கி, மரத்தை இழைத்து, வேட்டை ரைஃபிளாக மாற்றினார்கள். அவை நல்ல துப்பாக்கிகளே. தொழிற்சாலை ஷ்டுட்சனின் விலைக்கு விற்கும்போதுதான் அது ஏமாற்று. வளையத்தின்மேல் அரசுச் சின்னத்தை அரைத்தெடுத்த தட்டைத் தழும்பு தென்படுகிறதா, கைப்பிடியைக் காய்ச்சி வடிவம் மாற்றிய தடம் இருக்கிறதா, முகவாயின் விளிம்பு சீராக இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

எஃகின் நிறமும் பேசும். அக்காலத்தில் குழலைத் துருப்பிடிக்கவைத்துத் தேய்த்து, மீண்டும் துருப்பிடிக்கவைத்து, பல சுற்றில் ஆழ்ந்த கருநீலத்தை வரவழைத்தார்கள். அது மங்கலாக ஒளிரும், கண்ணைப் பறிக்காது. கண்ணாடிபோல் மின்னும் கருப்பு பெரும்பாலும் பிற்காலத்து உப்புக்குளியலின் வேலை. அப்படிப்பட்டதில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். பாலிஷ் சக்கரம் அவற்றைத் தின்றிருக்கும். மரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வால்நட் கட்டை எஃகின் விளிம்புக்குச் சமமாக அல்லது ஒரு நூலளவு மேலாக நிற்கவேண்டும். தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பிடியில் வெட்டிய கட்டங்கள் கையின் பழக்கத்தால் மழுங்கியிருப்பது இயல்பு. நெடுநாள் புழங்கிய துப்பாக்கியில் அவை கூர்மையாக இருந்தால்தான் ஐயப்படவேண்டும்.

குழலுக்குள் விளக்கடித்தால் புள்ளிக்குழிகள் தெரியலாம். அந்தக் காலத்துத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்து உப்பை விட்டுச்செல்லும். சுட்ட அன்றே கழுவாதவர்களின் குழல் அரித்துப்போனது. லேசான அரிப்பைப் பொறுக்கலாம். பொறுக்கக்கூடாதது தொலைநோக்கிக்காகப் பிற்காலத்தில் இட்ட துளைகள். பின்பாலம் பிளந்திருப்பதால் இதில் தொலைநோக்கி பொருத்துவது எளிதல்ல. ஜெர்மன், ஆஸ்திரியத் தச்சர்கள் கையால் அமைத்த கொக்கித் தாங்கி, அதற்கே உரிய கண்ணாடியோடு இருந்தால் அது ஒரு செல்வம். பக்கச்சுவரில் அவசரமாகத் துளைத்த நான்கு ஓட்டைகளை எந்தத் தச்சராலும் மறைக்கமுடியாது.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. பிறந்த நாடான ஆஸ்திரியாவிலேயே இது பதிவு செய்யவேண்டிய துப்பாக்கி. இந்தியாவில் உரிமம் வேண்டும்; 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. காகிதம் இல்லாத துப்பாக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடவேண்டாம்.

ஏலத்தில் இரண்டு ரைஃபிள்கள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன என்று வையுங்கள். ஒன்று புதிதாக நீலமேற்றி, மரம் மெருகூட்டி, தொலைநோக்கியோடு இருக்கிறது. மற்றதில் நிறம் தேய்ந்து எஃகு சாம்பலாகியிருக்கிறது. கட்டையில் மலைப்பாறை கீறிய வடுக்கள். ஆனால் எண்கள் ஒத்துப்போகின்றன, உருளை சுழல்கிறது, சிறு கதவுக்குள் கோல் இருக்கிறது. நான் இரண்டாவதைத்தான் வாங்குவேன், விலை அதிகமானாலும். இந்தத் துப்பாக்கியை உண்டாக்கியவர்கள் ஐந்து பாகங்களை ஒன்றாக்கினார்கள். அந்த ஒருமையை எந்த மெருகாலும் வாங்கமுடியாது. குலைக்காமல் வைத்திருந்தவர்களிடமிருந்துதான் பெறமுடியும்.