மருத்துவப் பணியும் பச்சை குத்திய கையும்

மருத்துவமனைப் பணியாளரின் உடலில் பச்சை வெளியே தெரியக் கூடாது என்பது மேலைநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் நெடுங்காலம் நிலவிய விதி. பச்சையைக் கண்டால் நோயாளியின் நம்பிக்கை குறையும், தொழிலின் கண்ணியம் கெடும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

விதியின் முதல் சிக்கல் சுகாதாரத்தில் தெரிந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில், நோயாளியைத் தொடுவோரின் கைகள் முழங்கைக்குக் கீழே வெறுமையாக இருக்க வேண்டும் என்ற நடைமுறை 2007இல் அறிவிக்கப்பட்டது. வெள்ளைக் கோட்டும் முழுக்கைச் சட்டையும் கைக்கடிகாரமும் விலக்கப்பட்டன. கட்டிலருகே குனிந்து ஊசிக்குழாயைச் சரிசெய்யும்போது சட்டைக்கையின் விளிம்பு போர்வையிலும் புண்கட்டிலும் உரசுகிறது. அதே விளிம்புடன் அடுத்த கட்டிலுக்குப் போக நேர்கிறது. மணிக்கட்டையும் சரியாகக் கழுவ முடிவதில்லை. ஆக, முன்கைப் பச்சையைச் சட்டைக்கையால் மறைக்கச் சொல்வது சுகாதார விதியை மீறச் சொல்வதாகிறது. ஆறிய பச்சையின் மை மேல்தோலுக்கு அடியில் இருப்பதால் கை கழுவ அது தடையில்லை. புதிதாகக் குத்திய பச்சை மட்டும் ஆறும்வரை புண்தான். அதை மூடியே ஆக வேண்டும்.

நம்பிக்கை பற்றிய வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் நோயாளிகளிடம் பணியாளர்களின் புகைப்படங்கள் காட்டப்பட்டன. பச்சை குத்திய பெண்களை, அதேபோல் குத்திய ஆண்களைவிடத் தொழில்முறை குறைந்தவர்களாக அவர்கள் மதிப்பிட்டனர். பச்சையோடு பால் பாகுபாடும் சேர்ந்து எடைபோடப்படுகிறது என்பதே இதில் கவலைக்குரியது. ஆனால் படம் வேறு, சிகிச்சை வேறு. 2018இல் வெளியான இன்னொரு ஆய்வில், பென்சில்வேனியாவின் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் ஏழு மருத்துவர்கள் சில நாள் தற்காலிகப் பச்சையோடும் சில நாள் அது இல்லாமலும் பணிபுரிந்தனர். 900க்கும் மேற்பட்ட நோயாளிகள் தந்த மதிப்பீட்டில் திறமை, அக்கறை, நம்பகம் எதிலும் வேறுபாடு தெரியவில்லை. தங்களைக் கவனித்தவரின் கையில் இருந்ததை அவர்கள் குறையாகக் கொள்ளவில்லை.

இம்முடிவுக்கும் எல்லை உண்டு. வலியோடு வந்தவர் மருத்துவரின் கையை ஆராய்வது அரிது. மருத்துவர் என்ற பதவிக்குக் கிடைக்கும் மரியாதை செவிலியருக்கும் உதவியாளருக்கும் அப்படியே கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் நீளும் மனநலச் சிகிச்சைக்கோ முதியோர் பராமரிப்புக்கோ இதை நீட்டிப் பேச இடமில்லை.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2018இல் எடுத்த வழி முழுத்தடையைவிட மேலானது: பச்சை தெரியலாம், வன்முறை, பாகுபாடு, ஆபாசம் கூடாது. வெறுப்புச் சின்னம் நோயாளியை உண்மையிலேயே அச்சுறுத்தும் என்பதால் இக்கட்டுப்பாடு தேவையானதே. ஆனால் எது வெறுப்புச் சின்னம் என்று தீர்மானிப்பது எளிதல்ல. இந்தியாவிலிருந்து சென்ற செவிலியரின் கையில் மங்கலச் சின்னமாக இருக்கும் ஸ்வஸ்திகா, ஐரோப்பிய நோயாளியின் கண்ணுக்கு நாஜிக் குறியாகப் படலாம். அதை மறைக்கச் சொல்வது நியாயமே. ஆனால் யார் சொல்வது, பணியாளரின் விளக்கம் எங்கே கேட்கப்படும் என்பவை விதியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் வார்டு மேற்பார்வையாளரின் விருப்பு வெறுப்பே விதியாகிவிடும்.