மச்சான் என்னும் விளி: மட்டக்களப்புக் கவிகளிற் காதலும் குடியும்

காதலைத் தேடும் இளம்பெண்ணை நாவலிலேயே கண்டு பழகிவிட்டோம். மனம் ஒருபுறம், குடும்பம் மறுபுறமாக நின்று பொருதும் தனிமனுஷியே அங்கு நாயகி. முதலாளித்துவ உறவுகளோடு வளர்ந்த இலக்கிய வடிவத்துக்கு இது இயல்பே. ஆயின், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வழங்கிய நாட்டார் கவிகளிற் பேசும் பெண்ணை இவ்வளவுகோலால் அளத்தல் இயலாது.

மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்', இப்பிரதேச வாழ்வையும் வழக்கையும் கற்றோர் கவனத்துக்குக் கொணர்ந்த முக்கிய நூல். அதன் பின் இக்கவிகளைச் சங்க அகத்திணையோடு ஒப்புநோக்குவது நம்மிடையே வழக்கமாயிற்று. தலைவி, தோழி, பிரிவு என ஒப்புமைகள் உண்டுதான். ஆனால் ஒப்பிட்டு மகிழ்வது விமர்சனமாகாது.

கவியில் வரும் பெண் காதலனை 'மச்சான்' என விளிக்கிறாள். இது கொஞ்சல் மொழி மட்டுமன்று. மட்டக்களப்பிற் பிள்ளைக்குத் தாயின் குடியே குடி. தன் குடிக்குள் மணமில்லை. மச்சான் என்பவன் மாமன் மகனோ மாமி மகனோ ஆன முறைகாரன், மணக்கத்தக்கவன். எனவே அவ்விளியிலேயே ஆசையும் விதியும் ஒருங்கே அடங்கியுள்ளன. அவள் உறவை எதிர்த்துக் காதலிப்பவளல்லள். உறவு இட்ட வேலிக்குள் தனக்குரியவனைத் தெரிய முயல்பவள்.

மணமானபின் வீடு அவளுக்குச் சீதனம். அவனே அவள் வீட்டுக்கு வருவான். ஆகையால் இக்கவிகளின் துயரம் புகுந்த வீட்டுத் துயரமன்று, வாராதவனை எண்ணிய துயரம். எழுவான்கரை ஆடவர் வாவி கடந்து படுவான்கரை வயல்வாடிகளில் நாட்கணக்கிற் தங்கிய வேளாண்மை முறையை மறந்து இப்பிரிவை விளங்கிக்கொள்ள முடியாது. குருமண்வெளித் துறையில் மண்டூருக்குத் தோணியேறியவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இங்கு நம்மவர்க்கே ஒரு சபலம் உண்டு. ஏங்கெல்ஸ் 1884இல் விளக்கிய தாயுரிமையின் எச்சம் இதுவெனக் கூறிப் பெண் சுதந்திரத்தைக் கண்டுவிடுதல். அது அவசர முடிபு. 1876இல் பிரிட்டோ எழுதிய முக்குவர் சட்டத்தின்படி முதுசொம் தாய்மாமனிடமிருந்து மருமக்களுக்குச் சென்றது. பெண் அதன் வழியாயிருந்தாள். கோயில் வண்ணக்கர் பதவியும் குடிவழியே ஆண்களுக்கே கிட்டியது. வீடு அவளுடையது, வீட்டுக்கு வருபவனைத் தீர்மானிப்போர் பிறர். கவியின் தவிப்பு இம்முரணிற் பிறப்பதென்பதே என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. வயற் காவற்பரணில் இரவைக் கழித்த ஆண்களும் பெண்குரலிற் பாடியிருத்தல் கூடும். அச்சேறிய கவியைப் படிக்கும் நமக்கு, அதைப் பாடியவள் போடியார் மகளா, அவர் முற்றத்தில் நெற்குற்றிய கூலிப்பெண்ணா என்பது பெரும்பாலும் புலனாவதில்லை. சீதனவீடு இல்லாத அக்கூலிப்பெண் யாரை மச்சான் என அழைத்தாள்?