ரசீது மட்டும் நம்முடையது

உங்கள் வீட்டு வரி ரசீதை என்றைக்காவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? கட்டினோம், மடித்து பீரோவில் வைத்தோம். பேங்க் லோன், கரன்ட் கனெக்‌ஷன் என்று ஏதாவது தேவை வந்தால்தான் அது வெளியே வரும். இந்த வாரம் சும்மாவே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மூலையில் ‘நூலக வரி’ என்று ஒன்று இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் புண்ணியம் அது.

கடைசியாக எப்போது லைப்ரரிக்குப் போனீர்கள் என்று உங்களைச் சங்கடப்படுத்தப் போவதில்லை. நான் கேட்பது வேறு. அந்தப் பத்துப் பைசா நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரையாவது கேட்டீர்களா? வசூலிப்பது உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ. வசூலித்ததை நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் பாக்கி வைக்கும் உள்ளாட்சிகளைப் பற்றிய செய்தி வருஷா வருஷம் வருகிறது. புத்தகத்துக்கென்று வாங்கிய காசு புத்தகத்துக்குப் போகாவிட்டால், மீதித் தொண்ணூறு சொச்சம் எங்கே போகிறது என்று சந்தேகம் வருமா, வராதா?

சொத்து வரி நியாயமா என்று கேட்டால், நியாயம்தான் என்பேன். வருமானத்தை மறைக்கலாம், தங்கத்தைப் புதைக்கலாம், வீட்டை எங்கே ஒளித்து வைப்பது? தெருவுக்குத் தார் போட்டு, விளக்கு வைத்து, குழாயில் தண்ணீர் விட்டால் மனையின் விலை ஏறுகிறது. ஏற்றிக் கொடுத்த ஊருக்கு அதில் கொஞ்சம் திருப்பிக் கொடு என்று கேட்பதில் என்ன தப்பு? கோளாறு வரியில் இல்லை. அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

இதை முதலில் புரிந்துகொண்டவர் ஒரு வெள்ளைக்கார வியாபாரி. சென்னை மாநகராட்சிக்கு சாசனம் கிடைத்தது 1687-ல். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைவர் ஜோசையா சைல்டின் கணக்கு ரொம்ப எளிமையானது. கம்பெனி அதட்டிக் கேட்டால் சின்னத் தொகைக்கே ஜனங்கள் முறைப்பார்கள். தங்கள் ஆட்களே கூடி உட்கார்ந்து, ஊர் நன்மைக்கென்று தீர்மானித்தால் பல மடங்கு கூடக் கொடுப்பார்கள். மேயர், ஆல்டர்மேன்கள் என்று சபை வைத்தார்கள். ஆல்டர்மேன்களில் இந்தியர்களும் இருந்தார்கள். மனிதர் ஒன்றும் ஜனநாயகவாதி இல்லை. காசு வசூலாக வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

முந்நூறு வருஷம் கழித்து அதே புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்துகொண்டு நாம் என்ன செய்தோம்? சென்னையில் 1998-ல் சொத்து வரியைச் சீரமைத்தார்கள். மற்ற நகரங்களில் 2008-ல். அப்புறம் மூச்! ஓட்டுப் போய்விடும் என்ற பயம். 2018 ஜூலையில் திடீரென்று விழித்துக்கொண்டு, வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, கடை கண்ணிகளுக்கு 100 சதவீதம் வரை என்று உயர்வு. அப்போது எந்த நகராட்சியிலும் கவுன்சிலர் கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், தனி அலுவலர்கள்தான் எல்லாமே. 2019 நவம்பரில், ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்குச் சற்று முன்னால், அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டாம்.

2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் ஒருவழியாக நடந்தது. ஆறு வாரம்கூட முழுசாக ஆகவில்லை, மறுபடி உயர்வு. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் என்றால் 100 சதவீதம். சென்னையின் பழைய பகுதிகளில் பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம். சின்ன வீட்டுக்குக் குறைவாக ஏற்றியது நல்ல காரியம், பாராட்டலாம். ஆனால் புதுக் கவுன்சிலரிடம் போய், “ஏங்க இப்படி?” என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்? கவுன்சிலர் கோட்டையைக் காட்டுவார். கோட்டை டெல்லியைக் காட்டியது: வரியை ஏற்றினால்தான் மானியம் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டிருக்கிறதாம். நிபந்தனை நிஜம்தான். ஆனால் நம் தெரு விளக்குக்கு நாம் தரும் காசைப் பற்றிப் பேச டெல்லி வரை போக வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இருபது வருஷம் தூங்கிவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதைவிட, வருஷா வருஷம் கொஞ்சம் ஏற்றுவது எவ்வளவோ மேல். 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வை நிறைவேற்றியதை அந்த அளவுக்கு ஒத்துக்கொள்ளலாம். கூடவே போன வருஷக் கணக்கையும் தெருத்தெருவாக ஒட்டியிருந்தால் கைதட்டியே இருக்கலாம்.

இதெல்லாம் பெரிய நகரத்துச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். திருத்தணிப் பக்கம் ஆர்.கே.பேட்டை இருக்கிறது. ராமகிருஷ்ணராஜுபேட்டை என்பது முழுப்பெயர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம், ஆனால் ஊர் இன்னும் கிராம ஊராட்சிதான். அங்கே சொத்து வரி என்று சொல்ல மாட்டார்கள், வீட்டு வரி. கூரை வீடா, ஓட்டு வீடா, கான்கிரீட்டா, எத்தனை சதுர அடி என்று பார்த்து வரி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டு வீடு மாடி வீடாகிப் பத்து வருஷமான பிறகும் பதிவேட்டில் ஓடு வேய்ந்தபடியே இருந்தால்? பக்கத்தில் போன வருஷம் கட்டியவர் சதுர அடிக்குச் சதுர அடி கட்டுவார். ஒரே தெரு, ஒரே குழாய், இரண்டு வரி.

அது நெசவு வட்டாரம். முன்கட்டில் தறி, பின்கட்டில் குடும்பம் என்றால் அது வீடா, தொழிற்கூடமா? நகரத்துக் கணக்கில் இரண்டுக்கும் வரி வேறு. சுற்றுப்புற ஊர்களை நகராட்சியோடோ பேரூராட்சியோடோ சேர்க்கிறோம் என்றதும் தமிழ்நாடு முழுக்க ஜனங்கள் மறியலுக்கு உட்காருவது சும்மா இல்லை. அந்தஸ்து உயரும் என்கிறார்கள் அதிகாரிகள். வரி உயரும் என்று ஜனங்களுக்குத் தெரியும். நூறு நாள் வேலையும் போய்விடும் என்பது கூடுதல் பயம்.

திருத்தணிக்கு வேறு தலைவலி. வழிபாட்டுத் தலத்துக்குச் சொத்து வரி கிடையாது. முருகனிடம் யாரும் கேட்கப் போவதுமில்லை. ரயில்வே மத்திய அரசுச் சொத்து. அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவுப்படி அதற்கும் விலக்கு. (வரிக்குப் பதில் சேவைக் கட்டணம் தர ஒப்புக்கொண்டு 2009-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு ஏற்பாடு ஆனது.) ஆனால் ஆடிக் கிருத்திகைக்கு ரயிலேறி வந்து 365 படி ஏறும் கூட்டம் விட்டுப்போகும் குப்பை மட்டும் ஊருக்கு. அதை அள்ளுகிற செலவில் உள்ளூர்க்காரர் வரிக்கும் பங்கு உண்டு.

1960 ஏப்ரல் வரை இந்தத் திருத்தணியே ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றைக்கு எல்லையைத் தாண்டினால் நகரி. அந்த நகராட்சியில் கணக்கே வேறு. வாடகை மதிப்பை விட்டுவிட்டு, சொத்தின் மூலதன மதிப்பைப் பார்த்து வரி போட 2020-ல் ஆந்திரா சட்டம் மாற்றியது. அங்கேயும் எதிர்ப்பு கிளம்பாமல் இல்லை. ஆனால் பழைய வரியைவிட 15 சதவீதத்துக்கு மேல் ஒரேயடியாக ஏறக் கூடாது என்று ஆரம்பத்தில் ஒரு கடிவாளம் போட்டார்கள். நமக்கு அந்தக் கருணை காட்டப்படவில்லை.

‘வரியை ஏற்றாமல் ஊரை எப்படி நடத்துவது?’ என்று அதிகாரிகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை என்ன சொன்னது? செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்குப் பார்த்ததில், பெங்களூரும் ஜெய்ப்பூரும் வசூலிக்கக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதத்தைத்தான் வசூலிக்கின்றன. அதாவது ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையிலேயே மறுபடி மறுபடி மிளகாய் அரைக்கிறோம். சதவீதத்தை ஏற்றுவதற்கு முன்னால் பதிவேட்டைத் திருத்துங்கள் ஐயா.

சரி, நாம் என்ன செய்வது? கிராமம் என்றால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. நகரம் என்றால் பகுதி சபை. 2022-ல் அதற்கும் விதி வந்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் மறுபடி தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் நாற்காலி காலியானாலும் கிராம சபை காலியாவதில்லை. அது ஓட்டுரிமை உள்ள எல்லோருடைய சபை.

அங்கே எழுந்து நின்று மூன்றே கேள்வி கேளுங்கள். போன வருஷம் வீட்டு வரி எவ்வளவு வசூலானது? அதில் எங்கள் தெருவுக்கு என்ன செய்தீர்கள்? நூலகத்துப் பத்துப் பைசாவைக் கட்டிவிட்டீர்களா? ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். முதல் தடவை பதில் வராமல் போகலாம். அடுத்த சபைக்கும் அதே ரசீதோடு போங்கள்.