வயல் பார்க்க வரும் நாள்

2024 கார்த்திகை வெள்ளத்தில் அழிந்த நெல்லுக்கு அரசு அறிவித்த இழப்பீடு, ஏக்கருக்கு உச்சமாக 40,000 ரூபா. அதற்காகக் கமக்காரர் ஒரு சதமும் காப்புறுதிக் கட்டணம் கட்டவில்லை. இதை நான் சிறிய விடயமாக எண்ணவில்லை. நெற்காப்புறுதி இலங்கையில் 1958இல் தொடங்கியது. ஆனால் நகையை அடகு வைத்து விதைப்பவர், வராமலும் போகக்கூடிய வெள்ளத்துக்கென்று தனியாகக் காசு ஒதுக்கமாட்டார். திருகோணமலைக் கரையோரத்து இறக்கக்கண்டி போன்ற ஊர்களில் அவரையும் உள்ளே கொண்டுவந்தது கட்டணமில்லாத் திட்டம்தான்.

இன்னொரு பலமும் உண்டு. தமிழ்நாட்டில் பிரதமர் பயிர்க்காப்பீட்டில் சில வயல்களை அறுத்துப் பார்த்து, அந்தப் பகுதியின் சராசரி விளைச்சலைக் கணக்கிடுகிறார்கள். மேட்டு வயல் நன்றாக விளைந்தால் பள்ளத்து வயல்காரரின் அழிவு சராசரிக்குள் மறைந்துபோகும். இங்கே வயலையே வந்து பார்ப்பது அதைவிட நேர்மையானது.

அந்த நேர்மை தடுமாறுவது நாட்கணக்கில்.

ஐப்பசியில் விதைத்த நெல் மூன்று, நான்கு கிழமைப் பயிராக நிற்கையில் வெள்ளம் ஏறுகிறது. ஒரு கிழமைக்கு மேல் மூழ்கிக் கிடந்தால் தண்டு கொழகொழத்துவிடும். இழுத்தால் வேரை விட்டுக் கையோடு வரும். நீர் வடிந்ததும் வயல் முழுக்க அழுகல் வாடை. அப்போது கமக்காரருக்கு முன்னால் ஒரே கேள்விதான்: மறுபடி விதைப்பதா? பிஜி 250 போன்ற இரண்டரை மாத நெல்லை உடனே விதைத்தால் பெரும்போகத்தில் பாதியையாவது காப்பாற்றலாம். ஆனால் உழுது விதைத்துவிட்டால் அழிவின் அடையாளமும் சேற்றோடு போய்விடும். பெருவெள்ளத்தில் எல்லா வயலும் ஒன்றாக அழிகின்றன; பார்க்க வரும் உத்தியோகத்தர்களோ சிலரே. ஆகவே கமநல சேவை நிலையத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, விதைப்பதா காத்திருப்பதா என்று வரம்பில் நின்று தவிக்கிறார் மனிதர். சுறுசுறுப்பாக மறுபடி விதைத்தவர் நட்டப்படக் கூடாது. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய குறை, அப்படி நட்டப்பட நேர்வதுதான்.

குத்தகைக்காரர் நிலை வேறு. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் பதிவுபெற்ற குத்தகைக்காரரை ஏற்கிறது. வாய்ப்பேச்சில் ஒரு போகத்துக்கு வயல் எடுத்தவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. போரில் இடம்பெயர்ந்து திரும்பிய இந்தக் கரையோரத்தில் உறுதியும் பெர்மிட்டும் தொலைத்த குடும்பங்களும் உண்டு. விதை, உரம், கூலி எல்லாம் ஒருவருடையதாகவும் பத்திரம் இன்னொருவருடையதாகவும் இருக்கையில், காசு பத்திரத்தின் பக்கம் போகிறது.

இழப்பீடு பெறும் பயிர்ப் பட்டியலையும் சொல்லவேண்டும். 2024இல் அதில் இருந்தவை நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, மிளகாய், பெரிய வெங்காயம். நிலாவெளி முதல் குச்சவெளி வரையான மணல் நிலத்தில் கிணற்று நீரை இறைத்து வளர்ப்பது சின்ன வெங்காயம். கொழும்பில் எழுதிய பட்டியலில் இந்த மண்ணின் பயிர் இருக்கவில்லை.

தொகையைக் கூட்டுவதைவிட முதலில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீர் வடிந்த மூன்று நாளுக்குள் கமக்காரர் அமைப்பும் கிராம உத்தியோகத்தரும் வயலில் நின்று, திகதியோடு படமெடுத்துக் கையெழுத்திட்டால், அதையே சான்றாக ஏற்கவேண்டும். யார் பயிரிட்டார் என்பதையும் அதே தாளில் எழுதலாம். மறுநாள் காலையிலேயே உழவு இயந்திரம் வயலில் இறங்கலாம்.